மலையகத்தில் நெபுலா படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக டெலஸ்கோப் வாங்கிய தம்பிமார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "வர்ற போயாவுக்கு மேலே போவோமா அண்ணே?" என்பதுதான். லீவு கிடைக்கிறது, சரி. ஆனால் போயா என்றாலே பௌர்ணமி. நெபுலா என்பது விண்வெளியில் இருக்கும் வாயு, தூசி மேகம். ஓரியன் நெபுலாவின் ஓரங்களில் இருக்கும் மெல்லிய ஒளி, முழு நிலவுக்கு முன்னால் கரைந்து போகும். நாட்காட்டியில் பார்க்க வேண்டியது அமாவாசையை. அதற்கு முன்னும் பின்னும் நான்கைந்து நாளுக்குள் வரும் சனிக்கிழமை, எந்தப் போயாவையும்விட மேல்.

அடுத்தது, மவுண்டை, அதாவது டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் பகுதியை, துருவத்துக்கு நேராக வைப்பது. அதிக இரவுகள் வீணாவது இங்கேதான். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அதைத் தொடர்ந்து போக, மவுண்டின் அச்சு வான துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதுபோல் தெரியும் மையப் புள்ளியை, நோக்கி இருக்க வேண்டும். கையேடுகள் எல்லாம் "துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சரிசெய்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஐரோப்பாவில் அது வானில் பாதி உயரத்தில் நிற்கிறது. நமக்கோ அடிவானத்திலிருந்து வெறும் 7 பாகை. நுவரெலியா நகரில் நின்றால் வடக்கே பிதுருதலாகல மலையே அதை மறைத்துவிடும். தேயிலை மலைச் சரிவில் நின்றாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

அதனால் போன் திசைகாட்டியை நம்பி வைத்துவிட்டு, நட்சத்திரங்கள் கோடு கோடாக வந்ததும் மவுண்டைக் குறை சொல்கிறார்கள். காந்த வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. பக்கத்தில் இரும்பு இருந்தால் ஊசி இன்னும் ஏமாற்றும். நட்சத்திரம் நகரும் போக்கைப் பார்த்துத் திருத்தும் முறையைப் பழகுங்கள். முதலில், உச்சிக்கோட்டுக்கு (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்குக்குப் போகும் கோடு) அருகே, வான நடுக்கோட்டையொட்டி (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் வரும் கோடு) ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. பிறகு கிழக்கில், தாழ்வாக ஒன்றைப் பிடியுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. பழகும்வரை ஒரு மணி நேரம் ஆகும். பரவாயில்லை, அந்த ஒரு மணி நேரம்தான் மீதி இரவைக் காப்பாற்றுகிறது.

மவுண்ட் வாங்கும்போதே இன்னொன்றைக் கவனியுங்கள். சில மவுண்டுகளின் அச்சை 7 பாகைவரை இறக்கவே முடியாது. இறங்குகிற சிலவற்றில், டெலஸ்கோப்பைச் சமன்செய்யும் எடை மாட்டும் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் முட்டும். தண்டுக்கு நேர் கீழே கால் வராதபடி முக்காலியைத் திருப்பி வைக்க வேண்டும், அல்லது நடுவில் ஒரு நீட்டுக்குழாய் போட வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

மேல் கீழ், இடம் வலம் மட்டும் அசையும் சாதாரண மவுண்ட் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். ஆனால் பொருள் உச்சிக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்த மவுண்டில் படம் மெல்லச் சுழலும். நம் அகலாங்கில் ஓரியன் நெபுலா கிழக்கில் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது சுழற்சி மணிக்குச் சுமார் 3 பாகைதான். உச்சிக்கோட்டைக் கடக்கும்போது அதுவே சுமார் 70 பாகையாகிவிடும். உயரே ஏற ஏறப் படம் தெளியும் என்பது பொதுவாக உண்மை. இந்த மவுண்டுக்கு மட்டும் கிழக்கும் மேற்குமே நல்ல இடம்.

நீண்ட எக்ஸ்போஷர் என்றதும் ஷட்டரை 10 நிமிடம் திறந்து வைக்கப் பார்ப்பது அடுத்த தவறு. மலையில் மிஸ்ட் எப்போது ஏறி வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்பதாவது நிமிடத்தில் வந்தால் அந்த 10 நிமிடமும் போச்சு. 2 நிமிடப் படங்களாக 60 எடுத்து, கணினியில் அடுக்கிச் சேருங்கள். மூடுபனி பட்டதை மட்டும் தூக்கி எறியலாம். ஓரியனின் நடுப்பகுதி மிகப் பிரகாசமானது, 2 நிமிடத்தில் வெறும் வெள்ளையாகிவிடும். அதற்கென 5, 10 செக்கன் படங்கள் சிலவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். கமராவைக் கழற்றுவதற்கு முன் லென்ஸை மூடி, அதே நேர அளவில், அதே குளிரில் 20 இருட்டுப் படங்களும் எடுங்கள், கமராவே உண்டாக்கும் புள்ளிகளைப் பிறகு கணினியில் கழிக்க அவை வேண்டும். வீட்டுக்கு வந்து அறைச் சூட்டில் எடுத்தால் பொருந்தாது.

சாதாரண கமராவில் நெபுலாவின் சிவப்பு குறைவாக வருவது உங்கள் பிழையல்ல. 656 நானோமீற்றர் அலைநீளத்தில் வரும் ஐதரசன் ஒளியில் பெரும்பகுதியை உள்ளே இருக்கும் வடிகட்டி தடுத்துவிடுகிறது.

இனி, பனி. நள்ளிரவுக்குப் பிறகு நட்சத்திரங்கள் பஞ்சு போல் ஊதத் தொடங்கும். ஃபோகஸ் போய்விட்டது என்று நினைத்துக் குமிழைத் திருப்பத் தொடங்குவோம். நானும் முதல் வருடம் ஓர் இரவு முழுக்க அப்படித் திருப்பியிருக்கிறேன். முதலில் லென்ஸைப் பாருங்கள், நீர் பூத்திருக்கும். துணியால் துடைக்கவே கூடாது, பூச்சில் கீறல் விழும். குழாயின் முன்னால், லென்ஸ் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு, தரையில் விரிக்கும் ஃபோம் பாயைச் சுருட்டிக் கட்டுங்கள். 12 வோல்ட் சூட்டுப்பட்டி ஒன்றையும் சுற்றினால் விடியும்வரை தாங்கும். அதற்கும் சேர்த்துப் பற்றரி கொண்டு போங்கள்.

ஏப்ரலில் முன்னிரவில், தெற்கே திறந்த சரிவு கிடைத்தால் கரினா நெபுலாவை விடாதீர்கள். அடிவானத்திலிருந்து 23 பாகைவரைதான் ஏறும், ஆனால் ஐரோப்பாக்காரர்களுக்கு அந்த அளவும் கிடைக்காது.

முடித்ததும் குளிர்ந்த டெலஸ்கோப்பை அப்படியே சூடான அறைக்குள் கொண்டு போகாதீர்கள், இன்னும் நீர் பிடிக்கும். வெளியிலேயே பையில் போட்டு இறுக மூடி, அறையில் சில மணி நேரம் விட்டு, அப்புறம் திறந்து காற்றாட வையுங்கள். ஈரம் போனபின் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் எடுக்காது.