பாஸ்கட்போல் ஜி.எம் விளையாட்டில் டிராஃப்ட்: முதல் தடவை ஆள் எடுக்கப்போகிறவர்களுக்கு

ஏப்ரல் லீவுக்கு அக்காவின் மகன் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான். ஒருநாள் பின்னேரம் விறாந்தையில் இருந்தபடி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான்.

“மாமா, என்ர முறை வந்திட்டுது. இவனை எடுக்கட்டோ?”

பட்டியலின் மேற்பகுதியில் ஒருவனைக் காட்டினான். வயது 22. பெயருக்கு நேரே 49, 53 என்று இரண்டு எண்கள். நாலு வரி கீழே இன்னொருவன். வயது 19. எண்கள் 42, 66. மருமகனின் விரல் முதலாமவனின் ‘டிராஃப்ட்’ பொத்தானில் நின்றது.

“பொறு ராசா. முதல் வயசைப் பார்.”

அன்றைக்கு அவனுக்கு ஒரு மணித்தியாலம் இருந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். விளையாட்டின் பெயர் பாஸ்கட்போல் ஜி.எம். இலவசம், பிரவுசரிலேயே ஓடும். ஒருக்கால் திறந்துவிட்டால் இணையம் இல்லாமலும் விளையாடலாம் என்பதால் டேட்டா காட்டுக்குச் செலவு குறைவு. கூடைப்பந்து அணி ஒன்றின் மேலாளர் நீங்கள். பந்தை எறிவது உங்கள் வேலை இல்லை; ஆட்களைச் சேர்ப்பது, விற்பது, சம்பளம் பேசுவதுதான் வேலை. அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் டிராஃப்ட் நாள்.

டிராஃப்ட் என்றால் என்ன?

ஒழுங்கையில் பந்தடிக்க முதல் இரண்டு பேர் தலைவர்களாக நின்று, “நீ ஒண்டு, நான் ஒண்டு” என்று ஆள் பிரித்தது ஞாபகம் இருக்கும். டிராஃப்ட்டும் அதுதான். ஒவ்வொரு சீசன் முடிவிலும் புதிதாக வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கின்றன. ஏலத்தில் காசு கூடியவன் வெல்வான். டிராஃப்டில் முறை முந்தியவன் வெல்வான். இலங்கையின் எல்.பி.எல். (லங்கா பிரீமியர் லீக்) கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டும் தெரியும். யாழ்ப்பாண அணி கிண்ணம் வென்ற 2020 முதல் தொடருக்கு டிராஃப்ட் முறையில் ஆள் எடுத்தார்கள். 2023இல்தான் முதல் தடவையாக ஏலம் வந்தது.

அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் 30 அணிகள், 1989 முதல் இரண்டு சுற்றுகள். விளையாட்டும் அதே அமைப்புத்தான்: 30 அணி, இரண்டு சுற்று, 60 தெரிவுகள். பட்டியலில் 70 பேர் இருப்பார்கள். மிஞ்சுகிறவர்கள் எந்த அணிக்கும் சொந்தமில்லாத வீரர்களாகச் சந்தைக்குப் போவார்கள்.

படி 1: லீக்கைத் தொடங்குங்கள், பிரதி எடுத்து வையுங்கள்

புதிய லீக் தொடங்கும்போது ‘ரான்டம் பிளேயர்ஸ்’ வகையைத் தெரிவு செய்யுங்கள். உண்மையான என்.பி.ஏ. வீரர்களுடனும் ஆடலாம். ஆனால் அங்கே யார் பெரிய ஆளாக வருவார் என்பது உங்களுக்கு முதலே தெரிந்திருக்கும். டிராஃப்ட் பழக அது உதவாது. தொடங்கும் பக்கத்திலேயே அணிகளின் ஊரையும் பெயரையும் நிறத்தையும் மாற்றலாம். நான் ஒரு அணியை எடுத்து யாழ்ப்பாணம் என்று போட்டேன். திரையில் ஊர்ப்பெயரோடு வெற்றி தோல்வி வரும்போது ஆட்டத்தில் மனசு தானாக ஒட்டுகிறது.

உங்கள் லீக் முழுவதும் உங்கள் பிரவுசருக்குள்தான் இருக்கிறது. கணினியில் இடம் போதவில்லை என்று ஒருநாள் பிரவுசர் தரவுகளை அழித்தேன். 11 சீசன் ஒரே நிமிடத்தில் போயிற்று. மூன்றாம் சீசனில் எடுத்து வளர்த்த மையவீரன் ஒருவன் அதில் இருந்தான், இன்றைக்கும் கவலைதான். ‘டூல்ஸ்’ பகுதியில் ‘எக்ஸ்போர்ட்’ இருக்கிறது. ஒவ்வொரு டிராஃப்டுக்கும் முதல் அதை அமத்தி ஒரு கோப்பாகச் சேமித்து விடுங்கள்.

படி 2: லொத்தர் பக்கத்தைப் பாருங்கள்

முன்னணி அணிகள் கிண்ணத்துக்கு மோதும் பிளே-ஓஃப் முடிந்ததும், யாருக்கு எந்த முறை என்று தீர்மானிக்கும் குலுக்கலான டிராஃப்ட் லொத்தர் வரும். பிளே-ஓஃப்புக்குப் போகாத 14 அணிகளும் இதில் இருக்கும். கடைசியாக வந்த அணிக்கே முதல் தெரிவு என்று நேரடியாகக் கொடுத்தால், வேண்டுமென்று தோற்கத் தொடங்குவார்கள். அதைத் தடுக்கத்தான் என்.பி.ஏ. 1985இல் லொத்தரைக் கொண்டுவந்தது. 2019இல் அதை இன்னும் இறுக்கினார்கள். முன்பு ஆகக் கடைசி அணிக்கு முதல் தெரிவு கிடைக்கும் வாய்ப்பு 25 சதவீதம். மாற்றத்துக்குப் பிறகு கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம். அடுத்த அணிக்கு 12.5, அதற்கடுத்ததற்கு 10.5 என்று இறங்கி, 14ஆவது அணிக்கு 0.5 வரை போகும். முதல் நான்கு இடங்களை மட்டும் குலுக்கி எடுப்பார்கள். மிச்சம் எல்லாம் தோல்வி வரிசைப்படி. எனவே ஆகக் கடைசி அணி ஐந்தாம் தெரிவுக்குக் கீழே இறங்காது.

விளையாட்டிலும் தொடக்கத்தில் இந்த முறைதான் இருக்கும். அந்தப் பக்கத்தில் உங்கள் அணிக்கு நேரே உள்ள சதவீதங்களைப் பார்த்து, எந்த இடம் விழக்கூடும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இங்கே செய்ய ஒன்றுமில்லை.

படி 3: மூன்று எண்களை ஒன்றாக வாசியுங்கள்

இதுதான் டிராஃப்டின் உயிர். மற்றப் படிகளை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

ஒவ்வொரு வீரனுக்கும் நேரே முதலில் வருவது ‘ஓவரோல்’. அவன் இன்றைக்கு எவ்வளவு ஆடுவான் என்பது. அடுத்தது ‘பொட்டென்ஷல்’, வளர்ந்தபின் எவ்வளவு வரக்கூடும் என்ற மதிப்பீடு. மூன்றாவது வயது. டிராஃப்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் 19 முதல் 22 வயதுக்காரர்.

மருமகன் காட்டிய 22 வயதுக்காரனின் 49 என்ற எண் அன்றைய பட்டியலில் உயர்ந்த எண்களில் ஒன்று. அதனால்தான் அவன் கண் அங்கே போனது. ஆனால் 53 என்ற மதிப்பீட்டைப் பாருங்கள். இவன் இனி நாலு புள்ளி ஏறுவான், பிறகு நின்றுவிடுவான் என்கிறது அது. 53 என்றால் பெஞ்சில் இருந்து எழும்பி வந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆடக்கூடியவன். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு வருடமும் சந்தையில் குறைந்த சம்பளத்துக்குக் கிடைப்பார்கள். மருமகனிடம் இருந்த ஒன்பதாவது தெரிவை அதற்குச் செலவழிப்பது நட்டம்.

19 வயதுக்காரனின் 42ஐ இன்றைக்கு ஆடவிட்டால் தோற்போம். ஆனால் 66க்குப் போனால் அவன் எந்த அணியிலும் முதல் ஐவரில் ஒருவன். வளர அவனுக்கு மூன்று வருடம் கூடுதலாக இருக்கிறது. 66 என்பது வாக்குறுதி இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சீசனுக்கும் முந்திய ‘பிறிசீசன்’ கட்டத்தில் எல்லார் எண்களும் மாறும். இளம் ஆட்களுக்குச் சராசரியாக ஏறும். ஒருவனுக்கு எட்டு ஏறும், இன்னொருவனுக்கு இரண்டு இறங்கும். வயது குறையக் குறைய அந்த ஏற்ற இறக்கமும் பெரிது. அதனால் அணி பலவீனமாக இருக்கும் காலத்தில் இளையவனை எடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லுகிறேன்.

இரண்டு பேர் வயதிலும் எண்ணிலும் ஒத்துவந்தால் பெயரை அமத்தி உள்ளே போங்கள். உயரம், பலம், வேகம், பாய்ச்சல், மூன்று புள்ளி எறிதல், பந்து கொடுத்தல் என்று 15 திறன்கள் தனித்தனியாக இருக்கும். உயரம் பெரிதாக மாறாது. வேகமும் பாய்ச்சலும் இளவயதிலேயே உச்சம் தொட்டுவிடும். தூரத்தில் இருந்து எறிவதும் ஆட்ட அறிவும் மெதுவாக, பல வருடம் ஏறும். ஆகவே உயரமும் வேகமும் இருந்து எறியத் தெரியாதவனை நான் விரும்பி எடுப்பேன். அவனிடம் இல்லாதது வந்துசேரக் கூடியது. வேகமும் இல்லை, உயரமும் இல்லை, எறிவது மட்டும் திறம் என்பவனுக்கு இல்லாதது இனிமேலும் வராது.

படி 4: காணும் எண்ணை முழுதாக நம்பவேண்டாம்

திரையில் தெரியும் எண் உண்மையான எண்ணில் இருந்து கொஞ்சம் மேலோ கீழோ இருக்கும். டிராஃப்ட் ஆட்களுக்கு இந்த மங்கல் அதிகம். வரவு செலவுப் பக்கத்தில் ‘ஸ்கவுட்டிங்’ (புதிய ஆட்களை நோட்டம் பார்ப்பது) செலவைக் கூட்டினால் மங்கல் குறையும். புதியவர்கள் அதில் அதிகம் போடவேண்டாம் என்பது என் எண்ணம். வீரர்களின் வளர்ச்சியைத் தொடுவது ‘கோச்சிங்’ என்ற பயிற்சிச் செலவு. காசு இருந்தால் முதலில் அங்கே போடுங்கள். எண்ணில் ஒன்று இரண்டு வித்தியாசத்துக்காக மண்டையை உடைக்காமல், 42க்கும் 43க்கும் இடையில் வயதைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

உண்மையான என்.பி.ஏ.யிலும் இந்த மங்கல் உண்டு. 1984இல் மைக்கல் ஜோர்டானுக்கு முன் இரண்டு பேரை எடுத்தார்கள், அவர் மூன்றாவது. 2014இல் நிக்கோலா யோக்கிச்சை டென்வர் அணி 41ஆவதாக எடுத்தபோது தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் 2021, 2022, 2024 என்று மூன்று தடவை அதிசிறந்த வீரர் விருது பெற்றார்.

படி 5: உங்கள் முறை வரும்வரை ஓடவிடுங்கள்

டிராஃப்ட் பக்கத்தில் ஒரு பக்கம் மிஞ்சியிருக்கும் வீரர்கள், மறுபக்கம் எடுக்கப்பட்டவர்கள். ஒவ்வொரு தெரிவாக நகர்த்தலாம். நேரே உங்கள் முறைக்கும் தாவலாம். முதல் தடவை ஒவ்வொன்றாகவே நகர்த்துங்கள். எந்த அணி யாரை எடுக்கிறது என்று பார்த்தால், மற்ற அணிகளை நடத்தும் கணினி எதற்கு விலை கொடுக்கிறது என்பது பிடிபடும்.

நீங்கள் விரும்பியவன் உங்களுக்கு முன்னால் போய்விடுவான் என்று பயம் வந்தால், முந்திய தெரிவை வைத்திருக்கும் அணியோடு அந்தப் பக்கத்திலேயே பேரம் பேசலாம். மறுவளமாக, பிடித்த மூன்று பேரும் இன்னும் மிஞ்சியிருந்தால் நாலு இடம் பின்னுக்குப் போய், பதிலுக்கு அடுத்த வருடத் தெரிவு ஒன்றை வாங்கலாம். அணியைப் புதிதாகக் கட்டுகிறவர்கள் தெரிவுகளுக்கு அதிக விலை வைப்பார்கள். கிண்ணத்துக்கு ஓடுகிறவர்கள் இன்றைக்கு ஆடக்கூடியவனுக்கு அதிகம் வைப்பார்கள். 30 வயதை நெருங்கும் உங்கள் நல்ல வீரனை இந்த இரண்டாம் வகை அணிக்குக் கொடுத்துத் தெரிவு வாங்குவது புதியவர்களுக்கு ஆக இலகுவான வழி.

இரண்டாம் சுற்றுக்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. இருப்பவர்களில் ஆக இளையவன், பொட்டென்ஷல் கூடியவன். அவ்வளவுதான்.

படி 6: எடுத்தபிறகு

முதல் சுற்றில் எடுத்தவனுக்கு மூன்று வருட ஒப்பந்தம், இரண்டாம் சுற்றில் எடுத்தவனுக்கு இரண்டு வருடம். சம்பளம் தெரிவு இலக்கத்தைப் பொறுத்துத் தானாகவே அமையும். முதலாவதாக எடுத்தவனுக்கு அதிகம். பின்னால் போகப் போகக் குறையும். நன்றாக வளர்ந்தவன்கூட இந்த மலிவுச் சம்பளத்திலேயே இருப்பான் என்பதால், அணிக்குப் பணம் மிஞ்சுவது இங்கேதான்.

அணியில் 15 பேருக்கு மேல் வைத்திருக்க முடியாது. இடம் போதாவிட்டால், அந்த வருடம் டிராஃப்டில் எடுத்தவனை வழமையான சீசன் தொடங்க முதல் விலக்கினால் அவன் சம்பளம் உங்கள் தலையில் விழாது. பிறிசீசனில் எண்கள் மாறும்வரை காத்திருந்து, இறங்கியவனை அதன்பிறகு விலக்குங்கள். டிராஃப்ட் முடிந்த கையோடு விலக்கிவிட்டு, அடுத்த கட்டத்தில் அவன் எண் ஏழு கூடியதைப் பார்த்து வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

மருமகன் அன்றைக்கு 19 வயதுக்காரனைத்தான் எடுத்தான், அரைமனதோடு. முதல் பிறிசீசனில் 42 இரண்டு மட்டும் கூடி 44 ஆனது. “பார்த்தியளோ மாமா!” என்றான். அடுத்த வருடம் 51. மூன்றாம் வருடம் 58. முதல் ஐவரில் ஆடினான். அந்த 22 வயதுக்காரன் வேறொரு அணியில் 51இல் நின்றான். இதே மாதிரி 19 வயதில் 65 காட்டிய இன்னொருவனை அடுத்த டிராஃப்டில் எடுத்தோம். அவன் 21 வயதிலும் 45ஐத் தாண்டவில்லை. அவனை விலக்கினோம்.

இப்போது அந்த 58காரனின் மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது. தன்னை டிராஃப்டில் எடுத்த அணியோடு மீண்டும் ஒப்பந்தம் செய்ய வீரர்களுக்கு விளையாட்டில் கூடுதல் விருப்பம் வைத்திருக்கிறார்கள். ஆனால் கேட்கும் சம்பளம் பழைய சம்பளம் இல்லை. கொடுப்பதா, வேறு அணிக்கு மாற்றி இரண்டு தெரிவு வாங்குவதா என்று நேற்று இரவு மருமகன் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். வயது 22, எண்கள் 58, 67. வைத்திரு என்று எழுதினேன்.