ஃபேனை நிறுத்திட்டு ஒரு சொட்டு

தண்ணீர்த்துளியைப் படம் எடுக்க நான் முதன்முதலா உட்கார்ந்தது ஒரு மே மாசம். கடலூர் மே மாசம் எப்படி இருக்கும்னு சொல்லணுமா? ஃபேனை முழு வேகத்துல வச்சுக்கிட்டு இருநூறு படமாவது எடுத்திருப்பேன், ஒண்ணுகூடத் தேறலை. ஒரு சொட்டு இடப்பக்கம் விழும், அடுத்தது வலப்பக்கம் விழும். லென்ஸைத் திட்டினேன், ட்ரைபாடைத் திட்டினேன். அப்பதான் கரண்ட் போச்சு. ஃபேன் நின்னதும் சொட்டு நூல் பிடிச்ச மாதிரி ஒரே இடத்துல விழுந்துச்சு.

அதனால முதல் வேலை, ஃபேனை நிறுத்துங்க. வேர்க்கும், வேற வழியில்லை. விடியற்காலையிலயோ மார்கழியிலயோ செஞ்சா கொஞ்சம் தாங்கலாம்.

மொட்டை மாடியில ஒரு ஒத்திகை

துளி விழுறதைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி, அசையாத துளியில கை பழகுங்க. இதுக்கு மொபைலே போதும். சேம்பு இலை ஒண்ணு வேணும். தாமரை இலை மாதிரியே அதுலயும் தண்ணி ஒட்டாது, குண்டுமணியா உருண்டு நிற்கும். இங்க் ஃபில்லரால ஒரு துளி வைங்க. இலைக்குப் பின்னால ஒரு ஜாண் தள்ளி ஒரு செம்பருத்தியைப் பிடிங்க. துளி ஒரு குட்டி லென்ஸ். அதுக்குள்ள பூ முழுசாத் தெரியும், ஆனா தலைகீழா. நேராத் தெரியணும்னா பூவைக் கவிழ்த்துப் பிடிக்கணும். ஃபோகஸ் துளியோட விளிம்புல இல்லாம, உள்ளே தெரியுற பூ மேல இருக்கட்டும். இந்த ஒண்ணு பிடிபட்டாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

சொட்டு விடுற கருவி

குழாயைத் திறந்து வச்சு எடுக்கலாம்னு நினைக்காதீங்க, சொட்டோட இடைவெளி நம்ம கையில இருக்காது. மருந்துக்கடையில குளுக்கோஸ் ஏத்துற டியூப் செட் கிடைக்கும். நான் வாங்கிட்டு வந்தப்ப அம்மா பதறிப்போய், "யாருக்குடா உடம்பு சரியில்ல?"ன்னாங்க. "தண்ணிக்குத்தாம்மா"ன்னேன். முறைச்சாங்க.

ஒரு பாட்டில்ல தண்ணி ஊத்தி, செட்டை மாட்டி உயரமாத் தொங்க விடுங்க. டியூப்ல மாட்டியிருக்கிற சின்ன உருளையைத் தள்ளினா சொட்டு வேகம் கூடும், குறையும். சாதாரண செட்ல 20 சொட்டு சேர்ந்தா ஒரு மில்லி. செட்டோட ஊசியை மாட்டாதீங்க. டியூப் முனையை ஒரு ஸ்டூல் காலோட டேப் போட்டு, தண்ணிக்கு மேல 30 சென்டிமீட்டர்ல ஒட்டிடுங்க. ரெண்டு மூணு நொடிக்கு ஒரு சொட்டுங்கிற கணக்குல விட்டா போதும்.

கீழே ஒரு கறுப்பு ட்ரே, விளிம்பு வரைக்கும் தண்ணி. விளிம்பு தளும்ப இருந்தாதான் ட்ரேயோட ஓரம் படத்துல தெரியாது. ஆழம் ரெண்டு மூணு சென்டிமீட்டராவது இருந்தா, துளி விழுந்த இடத்துல இருந்து ஒரு தூண் எழும்பும். தட்டுல மெல்லிசா தண்ணி பரப்பினா, சுத்தியும் தெறிச்சு கிரீடம் மாதிரி வடிவம் வரும். எங்க தெரு போர் தண்ணி உப்பு, காய்ஞ்சா வெள்ளையாப் படியுது. அதனால நான் கேன் தண்ணிதான் ஊத்துறேன்.

ஃபோகஸ்

ஓடுற சொட்டை ஆட்டோ ஃபோகஸ் பிடிக்காது. சொட்டு விழுற இடத்துல ஒரு ஸ்க்ரூவைத் தலைகீழா நிறுத்தி வைங்க. அடுத்த சொட்டு அதோட நுனியிலயே விழணும், விழலைன்னா நகர்த்துங்க. நுனிக்கு ஃபோகஸ் பண்ணி, மேனுவலுக்கு மாத்திட்டு, ஸ்க்ரூவை எடுத்துடுங்க. அதுக்கப்புறம் ட்ரைபாட், ட்ரே ரெண்டையும் யாரும் தொடக்கூடாது. வீட்ல குழந்தைங்க இருந்தா கதவைச் சாத்திடுங்க.

வெளிச்சம்

பல பேர் இங்கதான் தடுமாறுறாங்க. ஷட்டர், அதாவது கேமராவுக்குள்ள வெளிச்சத்தை விடத் திறந்து மூடுற கதவு, அதோட வேகத்தை ஏத்திக்கிட்டே போவாங்க. ஆனா துளியை நிறுத்துறது ஷட்டர் இல்லை, ஃப்ளாஷ்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 30 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து விழுற துளி, தண்ணியைத் தொடும்போது நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்துல இருக்கும். 1/200 நொடியில அது 12 மில்லிமீட்டர் ஓடிடும். துளியே நாலஞ்சு மில்லிமீட்டர்தான். கோடாத்தான் விழும். ஃப்ளாஷோட பவரை முழுசுல 1/64 பங்குக்கு இறக்கினா, அதோட வெளிச்சம் 1/10,000 நொடி அளவுல முடிஞ்சிடும். அந்த நேரத்துல துளி நகர்றது கால் மில்லிமீட்டர். பவர் குறைய குறைய ஃப்ளாஷ் எரியுற நேரமும் சுருங்கும், அதுதான் சூட்சுமம். 1957ல அமெரிக்காவுல எம்.ஐ.டி. பேராசிரியர் ஹரால்ட் எட்ஜர்டன் எடுத்த பால்துளிக் கிரீடமும் இதே வித்தைதான்.

அறையை இருட்டாக்குங்க. ஷட்டர் 1/200 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸோட துளை அளவு) எஃப் 11, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டுற உணர்திறன்) 400ல ஆரம்பிங்க. ஃப்ளாஷைத் துளி மேல நேரா அடிச்சா நடுவுல அசிங்கமா வெள்ளைத் திட்டு விழும். ட்ரேக்குப் பின்னால கலர் சார்ட் பேப்பர் நிறுத்தி, ஃப்ளாஷை அந்தப் பேப்பரைப் பார்த்து அடிங்க. தண்ணி முழுக்க அந்த நிறம் ஏறிடும். எனக்கு மாம்பழ மஞ்சள் பிடிக்கும். கேமராவை விட்டுத் தள்ளி இருக்கிற ஃப்ளாஷுக்கு கேமராவை அமுக்கினதும் அதை எரிய வைக்கிற ஒரு சின்ன ட்ரிக்கர் வேணும்.

ஃப்ளாஷ் இல்லாதவங்க உச்சி வெயிலுக்கு வாங்க. மொபைல்ல இந்த அளவையெல்லாம் நாமளே வைக்கிற ப்ரோ மோடு இருந்தா ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/4000 வச்சு, பத்து சென்டிமீட்டர்ல இருந்து சொட்டு விடுங்க. ஓரளவு நிற்கும். மொபைல் விளக்கு இதுக்கு உதவாது. அது டார்ச், ஃப்ளாஷ் இல்லை.

எப்ப அமுக்கணும்?

தூண் எழும்புறதைப் பார்த்து அமுக்கினா அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். சொட்டு முனையை விட்டுக் கழர்றதைப் பாருங்க, கழன்டதும் அமுக்குங்க. 30 சென்டிமீட்டர் விழ அதுக்குக் கால் நொடி ஆகும். நம்ம விரல் அசையவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும். பத்து இருபது சொட்டுல தாளம் பிடிபடும். சீக்கிரமா அமுக்கிட்டா டியூபைக் கொஞ்சம் கீழே இறக்குங்க, லேட்டானா கொஞ்சம் மேலே ஏத்துங்க. விரலை மாத்துறதைவிட இது சுலபம்.

நூறுல அஞ்சு தேறினா நல்ல நாள். முதல் துளி எழுப்பின தூண் மேல ரெண்டாவது துளி விழுந்து குடை விரிக்கிற படம் வேணும்னா, உருளையைத் தளர்த்தி சொட்டை நெருக்கமா விடுங்க. கையால எடுத்தா அது அதிர்ஷ்டம்தான். எனக்கு ரெண்டு தடவை கிடைச்சிருக்கு. தண்ணியில நாலு ஸ்பூன் பால் கலந்தா வடிவம் இன்னும் எடுப்பாத் தெரியும். காபிக்கு வச்ச பாலை எடுக்காதீங்க, அனுபவத்துல சொல்றேன்.

முடிஞ்சதும் லென்ஸ் முகப்புல தெறிச்சதை உடனே ஒத்தி எடுங்க, தேய்க்க வேணாம். கடல் காத்து ஊருல ஈரத்தோட பையில போட்டா பூஞ்சை பிடிச்சிடும். மூடுற டப்பாவுல ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க. டியூப்ல பால் விட்டிருந்தா அன்னிக்கே வெந்நீர்ல அலசிடுங்க, மறுநாள் நாத்தம் தாங்காது.