குடும்பத்தோடு முதல் கப்பல் சுற்றுலா: திட்டமிடுவது முதல் அனுபவத்தைப் பகிர்வது வரை

முதன்முறையாகக் கப்பல் சுற்றுலாவுக்குத் திட்டமிடுகிற குடும்பங்கள் பெரும்பாலும் கப்பலின் படங்களிலிருந்தே தொடங்குகின்றன. நீர்ச்சறுக்கும் நாடக அரங்கும் பார்த்தவுடனேயே பிடித்துப்போகின்றன. வீட்டில் யாருக்கு எது ஒத்துவரும் என்ற கேள்வி முன்பணம் கட்டிய பிறகுதான் எழுகிறது. எங்கள் முதல் பயணத்தில் நானும் அதே தவற்றைச் செய்தேன். அதனால் இங்கே வரிசையை மாற்றி, குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவரையும் மிகச் சிறிய குழந்தையையும் முன்னிறுத்தித் திட்டமிடும் முறையை விளக்குகிறேன்.

படி 1: கப்பலைத் தேடுமுன் குடும்பத்தைப் பட்டியலிடுங்கள்

ஒரு தாளில் ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் எழுதி, அவரால் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் நடக்க முடியும், படி ஏற முடியுமா, என்ன மருந்து சாப்பிடுகிறார், எத்தனை மணிக்குத் தூங்குவார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள்தான் பிறகு எழும் பாதிக் கேள்விகளுக்கு விடை சொல்லும். பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதம் நிறைவடையாத குழந்தையை ஏற்றுவதில்லை. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்குப் பன்னிரண்டு மாதம் நிறைந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகள் பயணத்தின் எந்த நாளிலும் 24 வாரத்தைத் தொட்டுவிடக் கூடாது என்பது பரவலான விதி. குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடங்கள் பெரும்பாலும் மூன்று வயது முடிந்து, டயப்பர் பழக்கம் விட்ட பிள்ளைகளையே சேர்த்துக்கொள்ளும். நீச்சலுக்கென்று விற்கும் டயப்பர் அணிவித்தாலும், பல கப்பல்களின் பொதுக் குளத்தில் கைக்குழந்தையை இறக்க அனுமதிக்க மாட்டார்கள்.

சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவு கொண்ட கேபின்கள் ஒவ்வொரு கப்பலிலும் மிகச் சிலவே இருக்கும். அது தேவைப்படுபவர் வீட்டில் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதலில் அதைப் பதிவு செய்யுங்கள்.

படி 2: பருவத்தையும் பாதையையும் தேர்ந்தெடுங்கள்

கடலுக்கும் பருவம் உண்டு. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதால், அந்த மாதங்களில் கரீபியப் பயணம் மலிவாகக் கிடைத்தாலும் பாதை திடீரென மாறக்கூடும் என்ற மனநிலையோடுதான் போக வேண்டும். அலாஸ்காவுக்குக் கோடையை ஒட்டிய மாதங்களில் மட்டுமே கப்பல்கள் செல்கின்றன. மத்தியதரைக் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் வெயில் முதியவர்களுக்குக் கடுமையானது. மே மாதமும் செப்டம்பர் இறுதியும் எனக்கு மேலாகப் படுகின்றன.

பாதையைப் படிக்கும்போது ஊர்ப் பெயர்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். ‘ரோம்’ என்று அச்சிட்டிருந்தால் கப்பல் நிற்கும் இடம் சிவிட்டாவெக்கியா துறைமுகம். அங்கிருந்து ரோம் நகருக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ‘பாரிஸ்’ என்று இருந்தால் அது லெ ஆவ்ர். நகரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். காலை எட்டு மணிக்கு இறங்கி மாலை ஆறு மணிக்குத் திரும்ப வேண்டிய நாளில், போய்வருவதற்கே ஐந்து மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியையும் நான்கு வயதுப் பேரனையும் கற்பனை செய்து பாருங்கள். அத்தகைய நாட்களில் துறைமுக ஊரிலேயே நிதானமாகச் சுற்றிவிட்டுத் திரும்புவதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில இடங்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. பயணிகளை டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். சாண்டோரினி இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. அங்கே படகிலிருந்து இறங்கிய பிறகும், மலைமுகட்டிலுள்ள ஊரை அடைய கேபிள் காருக்கு வரிசையில் நிற்க வேண்டும், அல்லது 600 படிகளுக்குச் சற்றுக் குறைவாக ஏற வேண்டும். எங்கள் பயணத்தில் இப்படியொரு துறைமுகத்தில், அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த படகுக்கும் கப்பலின் வாசலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்து என் தாயார் பின்வாங்கிவிட்டார். அவர் அன்று முழுவதும் கப்பலிலேயே தங்கினார். பாதை அட்டவணையில் ‘டெண்டர்’ என்ற சொல் முன்பே இருந்தது. படித்த நான்தான் அதற்குப் பொருள் தேடவில்லை.

முதல் பயணத்துக்கு நான்கு அல்லது ஐந்து இரவுகள் போதும். ஒவ்வொரு நாளும் ஒரு துறைமுகம் இருக்கும் பாதை சிக்கனமாகத் தெரிந்தாலும், நடுவில் ஒரு நாளாவது கடலில் மட்டும் செல்வதாக இருந்தால்தான் கப்பலைக் குழந்தைகள் உண்மையில் அனுபவிப்பார்கள். பெரியவர்களின் கால்களும் ஓய்வெடுக்கும்.

படி 3: கேபினைத் தேர்ந்தெடுங்கள்

ஜன்னலில்லா உள் கேபின், கடல் தெரியும் ஜன்னல் கேபின், பால்கனி கேபின், விசாலமான சூட் என நான்கு வகைகள் உண்டு. விலையைவிட இடம் முக்கியம் என்பது என் கருத்து. சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவாக இருப்பதைப் போலவே, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் அசைவு குறைவாக இருக்கும். குமட்டல் வருமோ என்று அஞ்சுபவருக்கு மேல் தளத்தின் முன்முனையில் உள்ள விலையுயர்ந்த பால்கனியைவிட, கீழே நடுவில் உள்ள எளிய கேபின் நல்லது.

தளங்களின் வரைபடத்தைத் திறந்துவைத்து, நீங்கள் தேர்ந்தெடுக்கும் கேபினுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கேபின்களே இருந்தால் இரவு அமைதியாகக் கழியும். மேலே நீச்சல் குளமோ உணவுக்கூடமோ இருந்தால், அதிகாலையிலேயே நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்கும். ஐந்து பேருக்கு மேற்பட்ட குடும்பங்கள், உள்ளே கதவால் இணைந்த இரு கேபின்களைக் கேட்டுப் பெறலாம். ‘உத்தரவாத கேபின்’ என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பதில் வகை மட்டுமே உறுதி. எந்த இடம் என்பதை நிறுவனம் முடிவு செய்யும். இரு கேபின்கள் எடுக்கும் குடும்பத்துக்கு அது ஏற்றதல்ல, ஏனெனில் ஒன்று ஐந்தாம் தளத்திலும் மற்றொன்று பத்தாம் தளத்திலும் அமைந்துவிடலாம்.

படி 4: முழுச் செலவைக் கூட்டுங்கள்

விளம்பரத்தில் காணும் கட்டணம், ஒரு கேபினில் இருவர் தங்குவதாகக் கொண்டு ஒருவருக்குக் கணக்கிட்டது. அதே கேபினில் சேரும் மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் பெரும்பாலும் கட்டணம் குறையும். இதற்கு மேல் துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர்களுக்கான நாள்வாரி டிப்ஸ், வைஃபை, பாட்டில் பானங்கள், சிறப்பு உணவகங்கள், கரைச்சுற்றுலா ஆகியவற்றைச் சேர்த்துக் கூட்டிய பிறகுதான் வேறொரு விடுமுறையோடு ஒப்பிட வேண்டும். கப்பலில் கையில் பணம் புழங்குவதில்லை. எல்லாம் கேபின் அட்டையில் ஏறும். பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியை முதல் நாளே நிறுத்திவைக்கும்படி வரவேற்பு மேசையில் சொல்லிவிடுங்கள்.

படி 5: ஆவணங்களும் காப்பீடும்

பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்க பாஸ்போர்ட் எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் உங்கள் குடியுரிமையை வைத்துத் தனித்தனியே பார்க்க வேண்டும். இறங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் சில நாடுகளுக்கு விசா கட்டாயம். ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) நாட்டில் ஏறி, துருக்கியைத் தொட்டு, மீண்டும் ஷெங்கன் துறைமுகத்துக்குத் திரும்பும் பாதை என்றால் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா தேவை. ஒருமுறை நுழைவு விசாவுடன் வந்தவரைக் கப்பலில் ஏற்றாமல் திருப்பி அனுப்பலாம். கட்டிய பணமும் திரும்ப வராது.

காப்பீட்டில் மருத்துவச் செலவைவிட, அவசர நேரத்தில் கப்பலிலிருந்து கரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு அடங்கியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கப்பலிலுள்ள மருத்துவ அறை முதலுதவிக்கும் சிறு நோய்களுக்கும் போதுமானது. பெரிய சிகிச்சைக்குக் கரைக்குத்தான் போக வேண்டும்.

படி 6: மூட்டை கட்டுதல்

ஏறும் நாளில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை கேபின் வாசலுக்கு வந்து சேர மாலையாகிவிடும். ஆகவே மருந்து, பாஸ்போர்ட், குழந்தைக்கு ஒரு மாற்றுடை, நீச்சலுடை ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். எங்கள் பிள்ளைகளின் நீச்சலுடைகள் பெரிய பெட்டிக்குள் போய்விட, அவர்கள் குளக்கரையில் நான்கு மணி நேரம் உர்ரென்று உட்கார்ந்திருந்தார்கள்.

இஸ்திரிப் பெட்டி, மெழுகுவத்தி, சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் அமைப்பு) உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகியவை தீ ஆபத்து கருதித் தடை செய்யப்பட்டவை. கேபின் சுவர்கள் பெரும்பாலும் உலோகமானவை என்பதால், சில காந்தக் கொக்கிகளை எடுத்துச் சென்றால் தொப்பியும் ஈரத்துணியும் மாட்டலாம். குமட்டல் மாத்திரையை அலை வந்த பிறகு போடுவதைவிட முன்கூட்டியே போடுவதே பலன் தரும். குழந்தைகளுக்கு எது ஏற்றது, எந்த அளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

படி 7: ஏறும் நாள்

விமானத்தில் சென்று ஏறுவதாக இருந்தால், முந்தைய நாளே துறைமுக ஊரை அடைந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

ஏறியவுடன் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறியிருந்த பயணிகள் பலருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. முன்பு புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று இருந்த சர்வதேச விதி, 2015 முதல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று திருத்தப்பட்டது. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் நடந்து காட்டுங்கள். பிள்ளைகள் விளையாட்டுக் கூடத்தில் இருக்கும்போது எச்சரிக்கை ஒலித்தால் அவர்களை யார், எங்கே கொண்டுவருவார்கள் என்று கூடத்தின் பொறுப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதே வேளையில் எல்லாக் கைப்பேசிகளையும் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் தானாக இணையும் செயற்கைக்கோள் வழி அலைபேசிச் சேவையின் கட்டணம், ஊர் திரும்பிய பிறகு அதிர்ச்சி தரும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கத்தையும் இன்றே தொடங்குங்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோவைரஸுக்கு எதிராகச் சானிடைசர் திரவம் அவ்வளவு உதவாது.

படி 8: கரை நாட்கள்

கரையில் சுற்றுவதற்கு இரு வழிகள் உள்ளன: கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் சேர்வது, அல்லது நாமே ஏற்பாடு செய்துகொள்வது. முன்னதில் விலை கூடும். ஆனால் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நாமே சென்றால் வேகம் நம் கையில் இருக்கும். நேரம் தவறினால் பொறுப்பும் நம்முடையதே. துறைமுகத்திலிருந்து தொலைவான நகரத்துக்கு முதல் வழியையும், நடந்து சுற்றக்கூடிய ஊருக்கு இரண்டாவது வழியையும் நாங்கள் கடைப்பிடிக்கிறோம்.

கப்பல் நேரமும் கரை நேரமும் வேறுபடலாம் என்பதை மறக்க வேண்டாம். கரையில் வலையமைப்போடு இணைந்த கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். எங்களை ஒருமுறை அது ஒரு மணி நேரம் ஏமாற்றிவிட்டது. படகுத்துறைக்கு ஓடிவந்து ஏறியபோது, ஏணியை எடுக்க ஆட்கள் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள். அன்று முதல், கப்பல் நேரத்துக்கு வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றை என் கணவர் கட்டிக்கொள்கிறார். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய கடைசி நேரம், புறப்படும் நேரத்துக்கு வழக்கமாக அரை மணி நேரம் முன்பாக இருக்கும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருப்பதாகத் திட்டமிடுங்கள்.

கடைசி இரவு பெரிய பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் அணியும் உடையையும் காலணியையும் தனியே எடுத்துவைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள். இறங்கும் வரிசையில் குளியலறைச் செருப்போடு நின்றிருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

படி 9: பதிவு செய்தலும் பகிர்தலும்

ஒவ்வொரு இரவும் கேபினுக்கு வரும் மறுநாள் நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கம்தான் எங்கள் நாட்குறிப்பு. பிள்ளைகள் ஒரு வரி சொல்ல, பெரியவர்கள் ஒரு வரி எழுதினால் போதும். தாள் தராமல் செயலியிலேயே நிகழ்ச்சிகளைக் காட்டும் கப்பல் என்றால், ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள்.

படங்களைப் பயணத்தின்போதே வெளியிட வேண்டாம். வீடு பூட்டியிருக்கிறது என்ற செய்தியும் அவற்றோடு சேர்ந்து போகும். கேபின் எண், கேபின் அட்டை, பயணச்சீட்டின் குறியீடு ஆகியவை தெரியும் படங்களையும், நீச்சல் குளத்தில் பிறர் பிள்ளைகளும் பதிவாகியுள்ள படங்களையும் நீக்கிவிடுங்கள். பிறகு குடும்பத்தில் ஒவ்வொருவரும் பத்துப் படங்கள் மட்டும் தேர்ந்தெடுக்கட்டும். எங்கள் ஆறு வயது மகள் தேர்ந்தெடுத்தவற்றில் நான்கு, கேபின் பணியாளர் குளியல் துண்டை மடித்துச் செய்துவைத்த யானை, குரங்கு பொம்மைகள்.

அடுத்துப் போகப்போகும் உறவினருக்கோ நண்பருக்கோ சொல்லும்போது, ‘அருமையாக இருந்தது’ என்பதோடு நிறுத்தினால் அவருக்குப் பயனில்லை. எந்த மாதம், எத்தனை இரவுகள், கேபின் எந்தத் தளத்தில் எந்தப் பக்கம், எந்தத் துறைமுகத்தில் படகு, எங்கே படிகள், கடைசிக் கணக்கில் எதிர்பாராமல் சேர்ந்த தொகை எதற்கானது என்று எழுதிக் கொடுங்கள். உடன் வந்தவர்களின் வயதையும் குறிப்பிடுங்கள். இளம் தம்பதி எளிது என்று எழுதிய அதே நடைபாதை, எழுபது வயதுக்காரருக்கு வேறு விதமாக இருக்கும்.