துப்பாக்கி லைசென்ஸ் வாங்கோணும்னு கெளம்பறவங்களுக்கு

2024 நவம்பர்ல பல்லடம் பக்கம், அப்பறம் 2025ல சிவகிரி பக்கம், தோட்டத்து ஊட்டுல இருந்தவங்களை ராத்திரில வந்து கொன்னுபோட்ட அந்த சம்பவங்களுக்கு அப்பறம் எங்க ஒறம்பரைல ஆளாளுக்கு போன் போட்டு கேக்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க, தம்பி துப்பாக்கி லைசென்ஸ் எப்படி எடுக்கறது, நீதான் உங்க பெரியப்பனுக்கு எடுத்துக் குடுத்தியாமாங்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதனால ஒரேடியா எழுதிப்போடறேன், வேணுங்கறவங்க படிச்சுக்கோங்க.

மொதல்ல ஒரு கொழப்பத்தை தீத்துர்றேன். அமெரிக்காவுல இருக்கற என் மச்சான் ஒருத்தரு, அங்கெல்லாம் இடுப்புல மறைச்சு வெச்சுட்டு போறதுக்குன்னே ஸ்டேட்டுக்கு ஸ்டேட் தனி பர்மிட்டு இருக்குது, டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து 21 வயசு ஆன பெரும்பாலான ஆளுக்கு அந்த பர்மிட்டுகூட வேண்டாம்னு சொன்னாரு. அதைக் கேட்டுட்டு பெரியப்பாவும் நம்ம தமிழ்நாடு கவர்மெண்டுல அந்த மாதிரி பர்மிட்டு போடலாமான்னாரு. நம்ம ஊர்ல அப்படி தனியா ஒண்ணும் கெடையாதுங்க. நாடு முழுக்க ஒரே சட்டம், 1959ம் வருசத்து ஆயுதச் சட்டம், அதுக்கு 2016ல வந்த ரூல்ஸ். லைசென்ஸ் ஒண்ணுதான். வேடிக்கை என்னன்னா, பொது எடத்துல கொண்டுபோனா துப்பாக்கி முழுசா மூடித்தான் இருக்கோணும்னு அந்த ரூல்ஸே சொல்லுது, கைத்துப்பாக்கின்னா ஹோல்ஸ்டர்லயோ பையிலயோ வெளிய தெரியாம, அதே சமயம் உங்க கட்டுப்பாட்டுல இருக்கோணும். மறைக்கறதுக்கு பர்மிட்டு கேக்கறது அங்க, மறைக்காம போனா தப்புங்கறது இங்க.

சரி, இப்ப விசயத்துக்கு வர்றேன். யாருகிட்ட கேக்கறதுன்னா, நீங்க குடியிருக்கறது போலீஸ் கமிஷனர் ஆபீஸ் இருக்கற கோயமுத்தூரு, திருப்பூரு, சேலம் மாதிரி மாநகர எல்லைக்குள்ளன்னா கமிஷனர்கிட்ட, அதுக்கு வெளிய தோட்டம் காடுன்னா கலெக்டர் ஆபீஸ்ல. தோட்டம் ஒரு மாவட்டத்துல, ஊடு ஒரு மாவட்டத்துலன்னு இருக்கறவங்க நம்ம பக்கம் நெறையப் பேரு, அவங்க எந்த அட்ரஸ்ல ஆதார் வெச்சிருக்காங்களோ அதை மொதல்ல முடிவு பண்ணிட்டு ஆரம்பிங்க, பாதில மாத்துனா மொத்தமும் திரும்ப மொதல்ல இருந்து வரும்.

21 வயசு முடிஞ்சிருக்கோணும். அடிதடி மாதிரி வன்முறை கேஸ்ல ஜெயில் தண்டனை வாங்கி, அந்தத் தண்டனைக் காலம் முடிஞ்சு 5 வருசம் ஆகாம இருந்தா கெடைக்காது. நன்னடத்தை ஜாமீன் எழுதிக்குடுத்து அந்தக் கெடு ஓடிட்டு இருக்கறவங்களுக்கும் இல்ல. பங்காளி சண்டைல வரப்பு தகராறு கேஸ் நெலுவைல இருந்தா சட்டப்படி நேரா தடை இல்லைன்னாலும், போலீஸ் ரிப்போர்ட்ல அது வந்து நிக்கும்ங்க. அதை மறைக்காதீங்க. ஃபாரத்துல கேஸ் இருக்குதான்னு கேக்கற எடத்துல இல்லைன்னு எழுதி, அப்பறம் ஸ்டேசன்ல இருக்குதுன்னு ரிப்போர்ட் வந்தா, கேஸை விட அந்தப் பொய்தான் உங்களைக் கவுத்தும்.

இனி முக்கியமானது. நாங்க மொதல் தடவை தோத்ததே இதுலதான். பெரியப்பா கேட்டது ரிவால்வரு. ஏன்னு கேட்டா, பேங்குக்கு போறப்ப இடுப்புல வெச்சுக்கலாம்ல்ல. எதுக்கு வேணும்ங்கற கட்டத்துல நான் எழுதுனது ஒரே வார்த்தை, "பாதுகாப்புக்காக". நாலு மாசம் கழிச்சு ஒரு காயிதம் வந்துச்சு, போதுமான காரணம் இல்லைன்னு. தப்பு எம்பேர்லதான், யாரையும் சொல்றதுக்கில்ல. அப்பறம் ஒரு வக்கீல்கிட்ட உக்காந்து சட்டத்தைப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, 13வது பிரிவுல ரெண்டு பாதை இருக்குதுங்க. குழல் 20 இஞ்சுக்கு குறையாம இருக்கற, உள்ள வரி இல்லாத வழுவழுப்பான குழல் துப்பாக்கிய, அதாவது நம்ம ஊர்ல எல்லாரும் பாத்திருக்கற 12 போர் ஒத்தக்குழல் ரெட்டைக்குழல் துப்பாக்கிய, பாதுகாப்புக்குன்னு கேட்டா, வேற தடை ஏதும் இல்லாத பட்சத்துல குடுக்கோணும்ங்கற மாதிரி எழுதியிருக்குது. பயிர் காவலுக்குன்னு குழலோட வாய்வழியா வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கி கேட்டாலும் அதே பாதைதான். ரிவால்வரு பிஸ்டல்னு போனீங்கன்னா ரெண்டாவது பாதை, அதுல உங்களுக்கு நெசமாவே தகுந்த காரணம் இருக்குதுன்னு ஆபீசருக்கு திருப்தி வரோணும். அந்த திருப்தியக் காயிதத்துலதான் கொண்டுவரோணும், வாய்ல சொல்லி வராது.

அதனால என் ரோசனை இதுதானுங்க. தோட்டத்து சாளைல இருக்கறவங்க, பக்கத்து ஊடு கூப்புடு தூரத்துல இல்ல, இட்டேரில ஒரு கிலோமீட்டர் உள்ள வரோணும்ங்கறவங்க, 12 போர் கேளுங்க. நகைக்கடை, நெல்லு மண்டி, ஃபைனான்ஸ்னு பணத்தைத் தூக்கிட்டு ரோட்டுல அலையறவங்களுக்கு நீளத் துப்பாக்கி ஆகாது, அவங்க கைத்துப்பாக்கி கேக்கறதுல நாயம் இருக்குது. ஆனா அதுக்கு ஐடி ரிட்டர்ன், ஜிஎஸ்டி பதிவு, பேங்க் ஸ்டேட்மெண்ட்டுன்னு எவ்வளவு பணம் எந்த ரூட்ல போகுதுன்னு காட்டோணும். மெரட்டல் வந்திருந்தா எஃப்ஐஆர் காப்பி, இல்லாட்டி மனு குடுத்ததுக்கு ஸ்டேசன்ல தர்ற சிஎஸ்ஆர் ரசீது. போன்ல மெரட்டுனான், கம்முனு உட்டுட்டேன்னா அது காரணமாகாது, அன்னைக்கே ஸ்டேசன்ல மனு குடுத்து ரசீது வாங்கி வெச்சிருக்கோணும். இன்னொண்ணு, சொத்து கம்மியா இருக்குதுங்கறதை மட்டும் காரணமா வெச்சு லைசென்ஸ் மறுக்கக்கூடாதுன்னு 14வது பிரிவுல தெளிவா இருக்குது. நாலு ஏக்கரு வெச்சிருக்கறவரு நாப்பது ஏக்கராக்காரருக்குத்தான் குடுப்பாங்கன்னு ஒதுங்க வேண்டியதில்ல.

ரெண்டாவது தடவை பெரியப்பாவுக்கு நான் எழுதுனது ஒன்றரைப் பக்கம். ஊட்ல இருக்கறது ரெண்டே பேரு, ரெண்டு பேருக்கும் அறுபதுக்கு மேல, பையன் வெளிநாட்ல, மெயின் ரோட்டுல இருந்து சாளைக்கு எவ்வளவு தூரம், கடேசியா பட்டில இருந்து ஆடு களவு போனது எந்தத் தேதி, அதுக்கு வாங்குன ரசீது நம்பர் என்ன, அவ்வளவுதான். அழுவாச்சி இல்ல, நாயம் பேசறது இல்ல. கையில வரஞ்ச ஒரு மேப்பும் வெச்சேன், கெணறு, கட்டுத்தறி, ஊடு, இட்டேரி எல்லாம் போட்டு. விசாரணைக்கு வந்த ஏட்டய்யா அந்த மேப்பைத்தான் மொதல்ல எடுத்துப் பாத்தாரு.

ஃபாரம் ஏ-1. ஆயுத லைசென்ஸுக்குன்னு சென்ட்ரல் கவர்மெண்டு வெச்சிருக்கற என்டால்-ஏலிஸ் வெப்சைட்ல பூர்த்தி பண்ணி பிரிண்ட் எடுத்து ஆபீஸ்ல குடுக்கோணும். ஆதாரு, வயசு சான்று, இருப்பிடச் சான்று, வெள்ளை பேக்ரவுண்ட்ல போட்டோ, பத்திரமா வெச்சுக்குவேன்னு உறுதிமொழி, அப்பறம் மனசும் ஒடம்பும் சரியா இருக்குதுன்னு டாக்டர்கிட்ட எஸ்-3ங்கற ஃபாரத்துல சர்டிபிகேட். பேரு எழுத்து ஒத்துப்போகோணும்ங்க, இது சின்ன விசயம் இல்ல. பட்டால ஒரு இனிசியலு, ஆதார்ல இனிசியலை விரிச்சு அப்பாரு பேரு, வோட்டர் ஐடில பட்டப்பேரோட கவுண்டர்னு சேந்து இருக்கும், இந்த மூணும் ஒரே ஆளுதான்னு நிரூபிக்கவே எங்களுக்கு மூணு வாரம் போச்சு. மொதல்லயே ஆதாரைத் திருத்திட்டு வந்து உக்காருங்க.

டிரெய்னிங் சர்டிபிகேட்டும் உண்டு, எஸ்-1. துப்பாக்கியப் புடிக்கறது, கெட்டிக்கறது, காலி பண்றது, எடுத்துட்டுப் போறது எல்லாம் சொல்லித்தருவாங்க. இதை வெறும் காயிதமா நெனைக்காதீங்க. பெரியப்பா, நான் சின்னப் புள்ளைல இருந்து அப்பாரு துப்பாக்கியத் தூக்குனவன்டான்னுட்டு போனாரு, போன மொத நாளே ட்ரிக்கர்ல வெரலை வெச்சுட்டே திரும்பிப் பேசுனாருன்னு அங்க இருந்த பையன் சத்தம் போட்டுட்டான். பேரன் வயசு. ஊட்டுக்கு வர்ற வரைக்கும் பெரியப்பா வாயே தொறக்கல.

அப்பறம் விசாரணை. ஸ்டேசன்ல இருந்து ஊட்டுக்கு வருவாங்க, அக்கம்பக்கத்துல கேப்பாங்க, குடி கிடி உண்டா, சம்சாரத்தோட சண்டை உண்டா, கோவக்காரரா. வருவாய்த் துறைல இருந்தும் ரிப்போர்ட் வாங்கறதுண்டு. எங்க ஊட்டுக்கு வந்தவரு மோரைக் குடிச்சுட்டு, துப்பாக்கிய எங்கீங்க வெப்பீங்கன்னாரு. பெரியம்மா பீரோவைக் காட்டுனாங்க. சாவி எங்கன்னாரு. பீரோலயே தொங்குச்சு. அவரு சிரிச்சுட்டு, அம்மா வர்றவனுக்கு நீங்களே எடுத்துக் குடுத்துருவீங்க போலன்னாரு. அடுத்த நாளே செவுத்துல பதிச்ச இரும்புப் பொட்டி வாங்கியாச்சு, தோட்டாவுக்கு தனிப் பொட்டி.

ரூல்ஸ்படி போலீஸ் ரிப்போர்ட் 30 நாள்ல வரோணும், அது வந்து 60 நாளுக்குள்ள ஆபீசரு முடிவு சொல்லோணும். நடப்புல ஃபைலு எங்கியாவது ஒரு மேசைல தூங்கும். மாசத்துக்கு ஒருக்கா போய் ஃபைல் நம்பரைச் சொல்லி மரியாதையா கேட்டுட்டு வாங்க. நான் முடிச்சுத் தர்றேன், இத்தனை ஆகும்னு சொல்ற ஆளு காம்பவுண்டுக்கு வெளிய டீக்கடைல இருப்பான், அவன்கிட்ட மட்டும் போயிராதீங்க. மறுத்துட்டாங்கன்னா காரணத்தை எழுத்துல கேட்டு வாங்குங்க, 18வது பிரிவுல அப்பீல் உண்டு, 30 நாளைத் தாண்ட உட்டுராதீங்க.

அப்பாரு காலத்துத் துப்பாக்கி ஊட்ல இருக்கறவங்களுக்கு வேற வழி இருக்குது, இது நெறையப் பேருக்குத் தெரியறதில்ல. லைசென்ஸ்காரருக்கு 70 வயசு ஆயிருச்சு, இல்லாட்டி 25 வருசம் அந்தத் துப்பாக்கிய வெச்சிருந்தாருன்னா, உசுரோட இருக்கறப்பவே வாரிசுல ஒருத்தருக்கு மாத்திக் குடுக்க மனு போடலாம். அவரு தவறிட்டாருன்னா, எழவு ஊட்டு அலைச்சல்ல மறந்துராம துப்பாக்கிய ஸ்டேசன்லயோ லைசென்ஸ் இருக்கற ஆயுதக் கடையிலயோ ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு, அப்பறம் வாரிசு சர்டிபிகேட்டோட மனு போடுங்க. அப்பாரு நெனப்புக்கு இருக்கட்டும்னு பரண்ல போட்டு வெச்சா, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வெச்சிருந்த கேஸு உங்க மேல வரும். நாட்டுத் துப்பாக்கி ஒளிச்சு வெச்சிருக்கறவங்க கதையும் அதேதான்.

லைசென்ஸ் கைக்கு வந்தா அதுல யுஐஎன்ங்கற உங்களுக்குன்னு குடுக்கற தனி அடையாள நம்பர் இருக்குதான்னு பாருங்க, தமிழ்நாட்டுக்கு மட்டுமா இந்தியா முழுக்கவான்னு பாருங்க, எத்தனை தோட்டா, எந்தத் தேதிக்குள்ள வாங்கோணும்னு பாருங்க. வாங்குனதும் கொண்டுபோய் ஆபீஸ்ல காட்டிப் பதிஞ்சரோணும். கைத்துப்பாக்கின்னா சாதாரண ஆளுக்கு .32ங்கற குழல் அளவுதான் வழக்கம், 9 எம்எம் எல்லாம் தடை செஞ்ச வகைல வரும், அது கலெக்டர் குடுக்கறதில்ல. புது ரிவால்வரு லட்சத்தைத் தொட்டு நிக்கும். 2019 திருத்தத்துக்கு அப்பறம் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான், லைசென்ஸ் 5 வருசத்துக்கு. முடியறதுக்கு ரெண்டு மாசம் இருக்கறப்பவே புதுப்பிக்க மனு போட்டுருங்க.

எடுத்துட்டுப் போகக்கூடாத எடம்: தேரு, நோம்பி, ஊர்வலம், கூட்டம், பள்ளிக்கூடம் காலேஜ் வளாகம். கண்ணாலத்துல மேல பாத்து சுட்டா 2 வருசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். அப்பறம் காட்டுப்பன்னி. லைசென்ஸ் இருந்தா பன்னியச் சுடலாம்னு நெறையப் பேரு நெனச்சுட்டு இருக்காங்க. அது 1972 வனஉயிர் சட்டத்துல வருது, தமிழ்நாட்டுல அரசு சொல்லியிருக்கறதும் காட்டு எல்லைல இருந்து 3 கிலோமீட்டருக்கு வெளிய வனத்துறை ஆளுக சுடலாம்னுதான், நாம இல்ல.

கடேசியா, தேர்தல் தேதி அறிவிச்சாங்கன்னா துப்பாக்கிய ஸ்டேசன்ல ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும், பேங்க் காவலுக்கு இருக்கற மாதிரி சில பேருக்குத்தான் விலக்கு. 2024ல பார்லிமெண்ட் எலெக்சன் மார்ச் 16ந் தேதி அறிவிச்சு, எண்ணி முடிச்சது ஜூன் 4, நடுவால ரெண்டரை மாசம். குடுக்கறப்ப துப்பாக்கி நம்பரு, தோட்டா எண்ணிக்கை, கட்டைல ஏற்கெனவே இருக்கற கீறல் வரைக்கும் ரசீதுல எழுதி வாங்குங்க, போன்லயும் நாலு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. எங்க பெரியப்பா அந்த ரசீதை பஞ்சாங்கத்துக்குள்ள வெச்சு மறந்துட்டு, பொழுதெல்லாம் ஊட்டைக் கொடஞ்சுட்டு இருந்தாரு.