நாற்பத்தைந்தைக் கடந்த பெண்களும் ஸ்மார்ட் வாட்ச்சும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்மார்ட் வாட்ச் வாங்கியவுடன் பலரும் செய்யும் முதல் தவறு, பத்தாயிரம் காலடிகள் என்ற இலக்கை மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவைப் போல எடுத்துக்கொள்வது. 1965இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் தன் நடையளவிக்குச் சூட்டிய பெயரிலிருந்து பரவிய எண் அது. சராசரியாக 72 வயதுடைய அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 காலடிகள் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை. இடைவயதினருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆனாலும் ஆறாயிரம் நடந்த நாளில் தோற்றுவிட்டதாக எண்ணி வாட்ச்சைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை. இப்போது நடப்பதைவிட ஆயிரம் கூட்டி, இலக்கை நீங்களே மாற்றி வையுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, வாட்ச் எண்ணாத பயிற்சியைச் செய்யாமலே விடுவது. மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் சில ஆண்டுகளுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகச் சரிகிறது, தசையும் குறைகிறது. நடை இதயத்துக்கு நல்லதுதான், ஆனால் தசைக்கும் எலும்புக்கும் அது மட்டும் போதாது. உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்புடன், இரண்டு நாளாவது தசைவலுப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. கையை ஊன்றாமல் நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுந்தாலும், சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து உடலைத் தள்ளினாலும், காலடிக் கணக்கு பெரிதாக ஏறாது; அந்த உழைப்பு வீண் என்று தோன்றிவிடும். ஆகவே அந்த இரண்டு நாட்களையும் போனில் நினைவூட்டலாகப் பதிந்துகொள்ளுங்கள்.

மணிக்கட்டின் அசைவைக் கொண்டு எண்ணும் கருவி இது என்பதையும் மறக்கக் கூடாது. கனத்த காய்கறிப் பையைத் தூக்கி நடக்கும்போது சில காலடிகள் விடுபடலாம். சப்பாத்தி மாவு பிசையும்போது நடக்காமலே கூடலாம். கலோரிக் கணக்கு இன்னும் மோசம்: 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் சோதித்த ஏழு கருவிகளில் மிகத் துல்லியமானதே சராசரியாக 27 சதவீதம் பிழை காட்டியது. அதை நம்பி உணவைக் குறைக்காதீர்கள்.

ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத்துடிப்பு வழக்கம்போல் உயராது என்பதால், வாட்ச் சொல்லும் துடிப்பை எட்டுவதற்காக வேகத்தைக் கூட்டுவது ஆபத்தானது. நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாவிட்டால் அதுவே மிதமான உழைப்பு. யூடியூப் காணொளியைப் பார்த்துக் குதிக்கும்போது முழங்கால் வலித்தாலோ, சிறுநீர் கசிந்தாலோ, கூச்சப்பட்டுப் பயிற்சியையே நிறுத்திவிடாமல் குதிக்காத பயிற்சிக்கு மாறி, மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ, இலக்குக்கு நூறு காலடிகளே மிச்சமிருந்தாலும் அங்கேயே நின்றுவிட்டு, உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.