காரைக்குடியில் ஒரு நாள்: ஜோடியாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிக்கு ஜோடியாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே நாளில் செட்டிநாடு முழுவதையும் பார்த்துவிட நினைப்பதுதான். காலையில் கானாடுகாத்தானில் செட்டியார்களின் பெரிய வீடுகள், அப்புறம் ஆத்தங்குடி, போகிற வழியில் பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு, கடைசியில் மிஞ்சும் அரை மணி நேரம் பழைய சாமான் கடைகளுக்கு. முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்த அரை மணி நேரத்தில் ஒரு கடையைக்கூட உருப்படியாகப் பார்க்க முடியாது. நல்ல பொருள் எப்போதும் பின்கட்டில், தூசியோடு, நாலு அண்டாவுக்கு அடியில்தான் கிடக்கும். எனவே பெரிய வீடுகளை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வருகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது இரவில் வந்து சேரும், விடியற்காலையில் கிளம்பிவிடும். ஊரில் ஒரு முழு நாள் வேண்டுமென்றால் இரண்டு இரவு தங்கத்தான் வேண்டும்.

கடைக்குள் இருவரும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டியதில்லை. ஒருவருக்கு எனாமல் தூக்குவாளியைப் பார்த்தால் கண் விரியும். மற்றவருக்குப் பத்து நிமிடத்தில் கால் வலிக்கும். பிடிக்காதவர் டீக்கடையில் உட்காரட்டும். பேரம் பேசும்போது ஒருவர் மட்டும் பேசுங்கள். “ஐயோ, எங்க ஆச்சி வீட்ல இதே மாதிரி இருந்துச்சுங்க” என்று இன்னொருவர் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் விலை இறங்காது.

அடுத்தது, பழசாகத் தெரிவதெல்லாம் பழசு என்று நம்புவது. ரவிவர்மா படம் என்று காட்டினால் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ரவிவர்மா 1894-இல் தொடங்கிய அச்சகத்தில் கல்லச்சில் அடித்த படங்களில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்றால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. மரச்சாமானில் கை படும் இடம் மட்டும்தான் தேய்ந்திருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். எனாமல் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் உள்ள முத்திரையைப் படியுங்கள். செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் அது 1918-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அந்த நாடு பிறந்ததே அந்த ஆண்டில்தான். “நூற்றைம்பது வருஷத்துச் சாமான்” என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கேளுங்கள். இவ்வளவு சொன்னாலும், புதுசு என்று தெரிந்தே அழகுக்காக வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை, விலை மட்டும் புதுசுக்கானதாக இருக்க வேண்டும்.

சட்டத்தை மறப்பது இன்னும் பெரிய தவறு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயதான சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள் கணக்கில் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்குப் பரிசாக வாங்குகிறவர்கள் இதைக் கடையிலேயே யோசித்துவிட வேண்டும். சாமி சிலை என்றால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

வாங்கிய பித்தளைச் சட்டியில் ஊருக்குப் போனதும் புளிக்குழம்பு வைத்துவிடாதீர்கள். உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பூசிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். எனாமல் பெயர்ந்த பாத்திரம் அலமாரிக்குத்தான் சரி.

சாப்பாட்டில் நடக்கும் தவறு, செட்டிநாடு என்றால் காரம் என்று முடிவு கட்டிவிட்டு மதியமும் இரவும் மிளகுக் கோழியையே கேட்பது. வெளியூர் ஓட்டல்கள் கட்டிவிட்ட கதை அது. இந்தச் சமையலின் அடையாளம் கல்பாசியும் மராட்டி மொக்கும் கொடுக்கும் வாசம். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டியைச் சாப்பிட்டால் தெரியும். கவுனி அரிசி இனிப்பு கிடைத்தால் விடாதீர்கள். செட்டியார்கள் பர்மாவில் வட்டித்தொழில் செய்த காலத்தின் மிச்சம் அது. சில விடுதிகளில் இலைச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பசியோடு போய் நின்றால் கிடைக்காது. அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்குப் போகும் திட்டமும் வேண்டாம். கடைகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, மதியம் தூங்குங்கள்.

மாலையில் பலகாரம். வெள்ளைப் பணியாரத்தைப் பொட்டலம் கட்டாமல், எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டிலேயே காரச் சட்னியோடு நின்று சாப்பிட வேண்டும். ஊருக்கு எடுத்துப்போக அதிரசம், மாவுருண்டை, தேன்குழல் போதும். அவற்றைப் பித்தளைச் சாமான் இருக்கும் பையில் வைக்காதீர்கள், தேன்குழல் தூளாகிவிடும்.