மொடல் றெயில்: பாதைக்குப் பெயின்ற், பிறகு ஸ்ரேசன்

பெயின்ற் பேணியைத் திறக்க முதல் ஒன்றை முடிவெடுங்கோ: உங்கட ஸ்ரேசன் எந்த வருசத்து ஸ்ரேசன்? 1990க்கு முந்தின யாழ்தேவி றெயில் காலமென்றால் மரச் சிலிப்பர், அதாவது தண்டவாளத்துக்குக் கீழே குறுக்கே கிடக்கிற கட்டை. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்த பாதையென்றால் கொங்கிறீற் சிலிப்பர். இடைப்பட்ட யுத்த காலத்தில் கட்டையும் தண்டவாளமும் பங்கருக்குப் போன கதை எல்லாருக்கும் தெரியும்.

நான் செய்வது 1:87 அளவு, உண்மையானதில் 87இல் ஒரு பங்கு. எங்கட நாட்டு உண்மையான பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே ஐந்தரை அடி, 1676 மிமீ. சரியாகச் சுருக்கினால் 19 மிமீ சொச்சம் வரவேணும். கடையில் கிடைப்பதோ 16.5 மிமீ. நான் அதைக் கணக்கெடுப்பதில்லை. நிறம் பிழைத்தால்தான் கண்ணில் குத்தும்.

கரண்ட் வயரைத் தண்டவாளத்தில் ஈயத்தால் பற்றவைத்து, இஞ்சினை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் பிரஷைத் தொடவேணும். பாதை பிரிகிற இடத்தில் அசைகிற நாக்கு தண்டவாளத்தோடு முட்டும் உள்பக்கத்தை ரேப்பால் மூடிவிடுங்கோ. அங்கே பெயின்ற் பட்டால் கரண்ட் பாயாது. தண்டவாளத்தின் இரண்டு பக்கத்துக்கும் பளபளப்பில்லாத கடும் மண்ணிறம். செம்மஞ்சள் கறள், றெயில் ஓடாத பக்கப் பாதைக்குத்தான் பொருந்தும். காய முதலே, மரத்துண்டில் சுற்றிய சீலையால் மேல்பக்கத்தைத் துடைத்துவிடுங்கோ.

மரச் சிலிப்பரைக் கறுப்பாக விடக்கூடாது. எங்கட வெயிலில் மரம் சாம்பல் பூத்துப்போகும். சாம்பலில் கொஞ்சம் மண்ணிறம் கலந்து, பிரஷைக் கடுதாசியில் துடைத்துவிட்டு, அந்த மிச்சத்தால் மேலாகத் தடவினால் போதும். கொங்கிறீற்றுக்கு வெளிறின சாம்பல். தண்டவாளம் இருக்கிற இடத்தில் மட்டும் லேசாகக் கறள் கறை. மேடையோரம் இஞ்சின் வந்து நிற்கிற இடத்தில் எண்ணெய் சொட்டின மாதிரிக் கறுப்பை ஒற்றுங்கோ. சின்ன வேலை, ஆனால் பார்க்கிறவன் அங்கேதான் குனிவான்.

சிலிப்பர்களுக்கு இடையில் கொட்டுகிற சல்லிக்குக் கருங்கல் தூளை அரித்து எடுங்கோ. 50 மிமீ கல் இந்த அளவில் 0.6 மிமீதான். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு தண்டவாளத்தைத் தின்னும். பாதையோரத்துக்கு வலிகாமத்துச் செம்மண்ணை விட வடிவான சாமான் எந்தக் கடையிலும் இல்லை. காயவைத்து, பொடியாக்கி, மேலால் ஒரு காந்தத்தை ஓட்டி எடுங்கோ. இரும்புத் தூள் கிடந்தால் இஞ்சின் மோட்டருக்குள் போய்ச் சேரும். சல்லியையும் மண்ணையும் ஒட்ட வெள்ளைப் பசை ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை ஊறாமல் உருண்டு நிற்கும். பழைய சிறிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு இரவு தொடாமல் விடுங்கோ.

ஸ்ரேசன் கட்டிடம் இவ்வளவு பாடில்லை. சுவருக்குத் தடித்த மட்டை. ஏழடிக் கதவு 24 மிமீ உயரம் வரும். ஓட்டுக் கூரைக்குப் பிஸ்கற் பெட்டிக்குள் வருகிற நெளிவுக் கடுதாசி. மேடையை உண்மையான நீளத்தில் கட்ட நினைக்காதேங்கோ: 200 மீற்றர் மேடை இங்கே 2.3 மீற்றர், அதற்கு வீட்டில் மேசை இராது. நாலு பெட்டி நிற்க இடமிருந்தால் காணும். பெயர்ப்பலகையில் மூன்று மொழியும் வரவேணும்.

மேடையை ஒட்ட முதல் உங்களிடமுள்ள ஆக நீளமான பெட்டியைக் கையால் தள்ளிப் பாருங்கோ. வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகவும் மூலை வெளிப்பக்கமாகவும் தள்ளும். உரசுகிற இடத்தை அப்போதே பென்சிலால் குறித்து வெட்டிவிட்டுப் பசை பூசுங்கோ.